பின்னால் கூப்பிடும் காட்சி

1

நான் மாதக்கணக்கில் உட்கார்ந்து செய்யும் வேலையை என் மகள் ஒரு பொத்தானை அழுத்தித் தாண்டிப் போகிறாள். திட்டவும் முடியவில்லை, வீடியோ கேம் ஆடுகிறவர்கள் பெரும்பாலும் அப்படித்தானாம்.

கேமில் ஒரு சண்டைக்கும் அடுத்த சண்டைக்கும் நடுவே சினிமா மாதிரி ஒரு காட்சி ஓடுமே, யாராவது பேசுவார்கள், அழுவார்கள், சாவார்கள். அந்தக் காட்சியில் கேமரா எங்கே நிற்க வேண்டும், ஆள் எந்த நொடியில் திரும்ப வேண்டும், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழ வேண்டும் என்று கணினியில் அமைப்பது என் வேலை. திரையின் ஓரத்தில் 'தாண்டு' என்று ஒரு சொல் மினுங்கும். என் மகள் ஜெனிக்குப் பதினொரு வயது. அது மினுங்குவதற்கு முன்பே அவள் கட்டைவிரல் அங்கே போய்விடுகிறது.

"எல்லாரும் இதான்மா பண்ணுவாங்க. நீ ஃபீல் பண்ணாத," என்று எனக்கு ஆறுதல் வேறு.

நான் எஸ்தர். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கார் பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் எட்டு வருடம் குவாலிட்டி பிரிவில் இருந்தேன். இப்போது கனடாவில், மொன்ட்ரியலில் இருக்கிறேன். முப்பத்து நான்கு வயதில், கல்லூரிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து இந்தக் காட்சி அமைக்கும் வேலையைப் படித்தேன். ஊரில் இன்னமும் பாதிப் பேர் நான் கார்ட்டூன் வரைகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். மீதிப் பேர் நான் கேம் ஆடுவதற்குச் சம்பளம் வாங்குகிறேன் என்று நினைக்கிறார்கள்.

போன மாதம் நடந்ததை எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் சேர்ந்த கம்பெனியில் என்னைத் தகுதிகாண் காலத்தில் வைத்திருந்தார்கள். வேலை உறுதியானால் கம்பெனி ஒரு கடிதம் கொடுக்கும். அந்தக் கடிதம் இருந்தால் எனக்கும், என்னை வைத்து அனுமதி வாங்கியிருக்கும் என் கணவர் சுரேஷுக்கும், ஜெனிக்கும் இங்கே தங்கும் காலம் நீளும். இல்லையென்றால் பனி உருகுவதற்குள் மூன்று பேரும் பெட்டியைக் கட்ட வேண்டும். எல்லாம் ஒரே ஒரு காட்சியில் வந்து நின்றது.

2

ஊரை நினைத்து உருகும் ஆள் நான் இல்லை. எங்கள் தெருவில் துவைத்த துணியைக் காயப்போட்டால் சாயங்காலம் கரி படிந்து கிடக்கும். வெள்ளைச் சட்டை வாங்குகிறவனை வேலையற்றவன் என்போம். என் அப்பாவின் அப்பா காலம் வரை அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனோம். அப்பா இரும்புக் கம்பி உருட்டும் ஆலைக்குப் போனார். நான் ஏசி அறையில் அளவுகோல் பிடித்தேன். அந்த ஏணியில் இன்னும் ஒரு படி ஏறலாம் என்றுதான் இங்கே வந்தேன், வேறு பெரிய கதை எதுவும் இல்லை.

ஆனால் படிக்க வந்த இடத்தில் எதைக் கேட்டாலும் ஊர்தான் வந்து நின்றது. ஒரே ஒரு வெளிச்சத்தை வைத்து ஒரு அறையைக் காட்டு என்றார்கள். எல்லாப் பிள்ளைகளும் மெழுகுவர்த்தி, நிலா என்று செய்தார்கள். நான் கொல்கத்தா ஹைவேயில் எளாவூர் செக்போஸ்டுக்காக வரிசையில் நிற்கும் லாரிகளின் விளக்கு, ஒரு வீட்டின் ஜன்னல் வழியாகச் சுவரில் ஏறி இறங்குவதைச் செய்தேன். நன்றாக இருக்கிறது, ஆனால் இவ்வளவு வண்டி எங்கிருந்து வருகிறது என்று வாத்தியார் கேட்டார். விளக்கிச் சொல்ல என்னிடம் அவ்வளவு பிரெஞ்சு இல்லை.

பிரெஞ்சு தனிக் கதை. அதில் 'நீ' என்றும் உண்டு, 'நீங்கள்' என்றும் உண்டு. நம்மூர்க்காரி எதைப் பிடிப்பாள்? என்னைவிடச் சின்னப் பையனைக்கூட 'நீங்கள்' என்றே கூப்பிட்டேன். எங்கள் குழுவின் தலைவி இசபெல் ஒருநாள் என்னைத் தனியே அழைத்து, "என் மேல் ஏதாவது வருத்தமா? ஏன் இவ்வளவு தள்ளி நிறுத்திப் பேசுகிறாய்?" என்று கேட்டார். மரியாதை கொடுத்ததற்கு மன்னிப்புக் கேட்ட முதல் ஆள் எங்கள் வம்சத்தில் நானாகத்தான் இருப்பேன்.

3

இசபெல் என்னிடம் கொடுத்த காட்சி சின்னது. மலைக்கோட்டைக்குக் காவல் வேலைக்கு ஒரு மகன் கிளம்புகிறான். வாசலைத் தாண்டிவிட்டான். அம்மா பின்னாலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாள். அவன் திரும்பிப் பார்க்கிறான். பிறகு போய்விடுகிறான். அவன் திரும்பி வரவே போவதில்லை என்பது ஆடுகிறவருக்கு ரொம்பப் பிறகுதான் தெரியும். அப்போது இந்த முகம் ஞாபகம் வர வேண்டும். அதனால் இதைச் சரியாகச் செய்துவிட்டால் உன்னை உறுதிப்படுத்த எனக்கு வேறு காரணம் வேண்டாம் என்றார் இசபெல்.

நான் மூன்று வாரம் வேலை செய்து காட்டினேன். அவர் பார்த்துவிட்டுத் தாடையைத் தடவினார்.

"அம்மா ஏன் ஓடிப்போய் அவன் முன்னால் நிற்கிறாள்?"

அப்போதுதான் நானே கவனித்தேன். நான் அமைத்த காட்சியில் அந்த அம்மா பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே வந்து, வேலியைச் சுற்றி, மகனுக்கு எதிரே வந்து நின்று பேசினாள். கதையில் அப்படி இல்லை. எனக்கு அது தப்பாகத் தோன்றவே இல்லை.

எப்படித் தோன்றும்? எங்கள் வீட்டில் வேலைக்குக் கிளம்புகிறவரைப் பின்னால் கூப்பிட மாட்டார்கள். நிறைய வீடுகளில் உள்ளதுதான், ஆனால் எங்கள் வீட்டில் அது சட்டம். நான் பள்ளியில் படிக்கும்போது ஒரு காலை, அப்பா ஷிஃப்டுக்குக் கிளம்பி மொபெட்டில் தெருமுனை வரை போய்விட்டார். சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டார் என்று அம்மா கத்திக் கூப்பிட்டாள். அவர் திரும்பி வந்து வாங்கிக்கொண்டு போனார். ஹைவே ஏறும் இடத்தில் லாரி அடித்துவிட்டது. இன்றும் வலது காலில் கம்பி இருக்கிறது, நடந்தால் இழுத்து இழுத்துத்தான் நடப்பார். அதன் பிறகு அவர் எதையாவது மறந்துவிட்டுக் கிளம்பினால் நானோ தம்பியோ அதை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுச் சந்து வழியாக ஓடி, அவருக்கு முன்னால் போய் நிற்போம். கம்பெனி அடையாள அட்டையோடு நான் மூச்சிரைக்க நின்ற காலைகள் எத்தனையோ.

இத்தனைக்கும் நாங்கள் ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிறவர்கள். சகுனம் பார்ப்பது பாவம் என்று பாஸ்டர் பிரசங்கம் செய்வார். அம்மா 'ஆமென்' சொல்வாள். திங்கட்கிழமை காலை வழக்கம்போல வாயை மூடிக்கொள்வாள்.

"அவள் முன்னால் வந்துவிட்டால் அவன் திரும்பத் தேவையே இல்லை. அந்தத் திரும்பல்தான் காட்சி," என்றார் இசபெல். அவர் சொன்னது சரி.

திருத்தி மறுபடி காட்டினேன். இப்போது அம்மா பின்னால் நின்று கூப்பிட்டாள், அவன் திரும்பினான். இசபெல் சிரிக்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"இவள் கடையில் காபி கேட்கிற மாதிரி கூப்பிடுகிறாள். எஸ்தர், ஓர் அம்மா மகனைப் பின்னாலிருந்து கூப்பிட்டு நீ பார்த்ததே இல்லையா?"

பார்த்ததில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. பத்து நாள் கொடுத்தார்.

4

எங்கள் வேலையில் இதற்கு ஒரு வழி உண்டு. தெரியாத அசைவை யாரையாவது செய்யச் சொல்லி வீடியோ எடுத்து, அதைப் பார்த்துப் பார்த்துக் கணினியில் இருக்கும் பொம்மைக்கு அசைவு கொடுப்போம். வீட்டில் இருக்கிற ஆளைப் பிடித்தேன்.

"ஏங்க, நீங்க கதவத் தொறந்து போங்க. நான் கூப்புடுறேன். திரும்பிப் பாருங்க, போதும்."

சுரேஷ் பள்ளிப்பட்டுப் பக்கம். தெலுங்கும் தமிழும் கலந்து வளர்ந்தவர், பெரிய பகுத்தறிவுவாதி என்று பெயர். ஜாக்கெட்டைப் போட்டார், ஷூவை மாட்டினார், கதவில் கை வைத்தார். அப்படியே நின்றுவிட்டார்.

"எஸ்தர், எனக்கு நாளைக்கு ஒரு இன்டர்வியூ இருக்குது. இன்னைக்கு வேணாமே."

"இது நடிப்புங்க."

"நடிப்புதான். நாளன்னிக்கு நடிக்கலாம்."

வந்த கோபத்தில் நானே கேமராவை வைத்துவிட்டு வாசலைப் பார்த்துக் கூப்பிட்டேன். காபி கேட்கிற மாதிரிதான் வந்தது. ஜெனி சோபாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "அவனுக்கு ஒரு மெசேஜ் போட்டா போதுமே" என்றாள், பாதி பிரெஞ்சில்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போன் போட்டேன். தம்பி தானியல் சிப்காட்டில் ஒப்பந்தத் தொழிலாளி, காலை ஷிஃப்டுக்கு விடியும் முன்பே கம்பெனி பஸ் வந்துவிடும். அம்மா வாசலில் நின்று அவனை அனுப்புவாள். அந்த வாசல், அந்த அம்மா, அந்த மகன் எல்லாமே எனக்காக அங்கே தயாராக இருந்தார்கள். அப்பா போனில் படம் பிடித்தால் போதும். எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். வேலை, கடிதம், அனுமதி, பத்து நாள், எதையும் மறைக்கவில்லை.

"நடிப்பா இருந்தா வராதும்மா. நெஜமா இருக்கணும்," என்றேன்.

அம்மா முழுக்கக் கேட்டாள். பிறகு, "இன்னாடி பேசுற நீ?" என்றாள். "வேலைக்குக் கெளம்புற புள்ளைய பின்னாலேந்து கூப்புடச் சொல்றியா? உங்கப்பன் கால இழுத்துக்கினு போறது உனக்கு மறந்துபூட்ச்சா?"

அப்பா பின்னாலிருந்து குரல் கொடுத்தார். "லாரிக்காரன் தூங்கிக்கினு ஓட்டுனான். அதுக்கு நீ இன்னா பண்ணுவ? சும்மா கூப்புடு, நான் புடிக்கிறேன் படம்."

"நீ சும்மா இருய்யா. ஒரு தபா பட்டது போதாது?" என்றாள் அம்மா. என்னிடம், "வேற இன்னா வேணாலும் கேளு. இது என்னால ஆவாது," என்றாள்.

சரிம்மா, பரவாயில்லை, வேறு வழி பார்க்கிறேன் என்று சாதாரணமாகப் பேசி வைத்துவிட்டேன். வைத்த பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

5

அடுத்த சில நாட்கள் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. அதே நேரம் பார்த்துக் குடியேற்ற அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. உங்கள் அனுமதிக் காலம் முடியப்போகிறது, ஆவணங்களை இணையத்தில் ஏற்றுங்கள் என்று. ஏற்றப் போனால் வேலைக் கடிதத்துக்கான கட்டம் சிவப்பாக நின்றது. போன் செய்தால் காத்திருக்கும் சங்கீதம். கடைசியில் எடுத்த ஆள், கடிதம் வந்த பிறகு ஏற்றுங்கள் என்றார். கடிதம் வராவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். அது என் பிரிவு இல்லை என்றார், ரொம்ப மரியாதையாக.

சாப்பாட்டு மேசையில் நானும் சுரேஷும் தமிழில் ரகசியம் பேசிக்கொண்டோம். ஜெனி பேசுவது பாதி பிரெஞ்சு என்றாலும் அவளுக்குத் தமிழ் முழுக்கப் புரியும் என்பதை இருவருமே மறந்துவிட்டோம்.

"நாம ஊருக்குப் போறோமா?" என்று கேட்டாள்.

"தெரியலடா. போக வேண்டி வந்தா போவோம்."

"நீங்க போங்க. நான் கமீல் வீட்ல இருந்துக்கிறேன். அவங்க அம்மா ஓகே சொல்லுவாங்க."

கமீல் அவளுடைய வகுப்புத் தோழி. ஜெனி அதை விளையாட்டாகச் சொல்லவில்லை, யோசித்து வைத்திருந்த மாதிரி சொன்னாள். இவளைக் கொண்டுபோய் கும்மிடிப்பூண்டியில் எந்தப் பள்ளியில், எந்த வகுப்பில் உட்கார வைப்பது? இங்கே வந்த நாலு வருடத்தில் தமிழ் எழுத்தே மறந்துவிட்டது, 'அ' எழுதச் சொன்னால் படம் வரைகிற மாதிரி வரைவாள். அங்கே எல்லாரும் இவளைச் சுற்றி நின்று வேடிக்கை பார்ப்பார்கள். நான் ஒரு படி ஏறலாம் என்று வந்தேன். இவளுக்கு அது ஏணி இல்லை, வீடு. அதைப் பிடுங்குகிறவள் நானாகிவிடுவேனோ என்று பயந்துகொண்டே இருந்தேன்.

சுரேஷ் ஓர் இரவுச் சாப்பாட்டின்போது, "போனா போவட்டும், பொழைக்க முடியாதா?" என்றார். அவர் இன்டர்வியூவும் ஊத்திக்கொண்டுவிட்டது. யாரும் பின்னால் கூப்பிடாமலேதான் போனார் என்று சொல்ல வாயெடுத்து, விழுங்கிவிட்டேன்.

6

புதன்கிழமை சாயங்காலம் ஏழு மணி வாக்கில் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தபோது அப்பாவின் எண்ணிலிருந்து ஒரு வீடியோ வந்தது. ஊரில் அப்போது விடியற்காலை.

அப்பாவின் விரல் பாதி லென்ஸை மறைத்திருந்தது. பிறகு விலகியது. எங்கள் வாசல், தெருவிளக்கின் மஞ்சள் வெளிச்சம். தானியல் தோளில் பையை மாட்டிக்கொண்டு படியிறங்குகிறான். அம்மா நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவன் நாலு வீடு தாண்டும் வரை ஒன்றும் நடக்கவில்லை. அம்மாவின் வலது கை மட்டும் கொஞ்சம் மேலே எழுந்து, பாதியில் நின்றது. அதற்கும் பிறகுதான் குரல் வந்தது.

"தானி."

சத்தமாகக்கூட இல்லை. கூப்பிட்ட உடனே எழுந்த கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தானியல் உடனே திரும்பவில்லை. எடுத்த காலைக் கீழே வைத்து அப்படியே நின்றான். முதலில் தோள் இறங்கியது. பிறகு தலை மட்டும் திரும்பியது. அவன் முகத்தில் இருந்தது பயம். அவனிடம் யாரும் எதையும் சொல்லியிருக்கவில்லை என்று அதைப் பார்த்தே புரிந்துகொண்டேன். அவன் நினைவு தெரிந்த நாளிலிருந்து அம்மா அவனைப் பின்னால் கூப்பிட்டதே இல்லை. அப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பான்.

ஓடி வந்தான். "இன்னாம்மா? நைனாக்கு இன்னா?"

"ஒண்ணுமில்லடா. உள்ள வா. செத்த உக்காரு. தண்ணி குடி," என்றாள் அம்மா. ஒரு சொம்பு தண்ணீரைக் குடிக்க வைத்தாள். தூரத்தில் பஸ் ஹாரன் கேட்டது. "யம்மா, பஸ்சு பூடும்மா," என்றான் தானியல். "போவட்டும். நீ உக்காந்துட்டு மொதல்லேந்து கெளம்பு," என்றாள். அப்பா படம் பிடித்துக்கொண்டே, "இன்னும் ஓடுதா பாரு, செகப்பா ஒரு புள்ளி தெரியுது," என்று யாரிடமோ கேட்டார். அதோடு வீடியோ முடிந்தது.

கடுகு கருகி வீடு முழுக்கப் புகை. சுரேஷ் ஓடி வந்து அடுப்பை அணைத்தார். அவரிடம் போனைக் கொடுத்தேன். பார்த்துவிட்டு, "கெடச்சிடுச்சுப்பா உனக்கு," என்றார்.

கிடைத்துவிட்டது. ஆனால் எனக்கு அப்போது காட்சி மனதில் நிற்கவில்லை. தானியல் பஸ்ஸைத் தவறவிட்டு யார் வண்டியில் தொற்றிக்கொண்டு போயிருப்பான், அதே ஹைவேயில், அதே லாரிகளுக்கு நடுவே என்று மட்டும்தான் ஓடியது. நான் படித்தவள், மென்பொருளில் ஒளியையும் நிழலையும் அளந்து வைக்கிறவள், இதையெல்லாம் நம்பாதவள். அவன் எண்ணுக்கு மறுபடி மறுபடி அடித்தேன். போனைக் கம்பெனி வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள் என்று தெரிந்தும் அடித்தேன். பிள்ளை வீடு வந்து சேரட்டும், எனக்கு வேலையே வேண்டாம் என்று ஜெபம் செய்தேன். அப்போது அதை மனதாரத்தான் சொன்னேன்.

காலையில் எழுந்தபோது அவனிடமிருந்து குரல்செய்தி வந்திருந்தது. "யக்கா, உன்னால ஒரே பேஜாரா பூட்ச்சு. லேட்டுன்னு அர நாள் சம்பளம் புடிச்சிக்கினானுங்க. அம்மா இன்னாடான்னா நான் ஊட்டுக்கு வர்றவரிக்கும் வாசல்லயே நின்னுக்கினு இருந்திருக்குது. நாஷ்டாகூட துன்னல. இன்னா கேமு இது?"

அதைக் கேட்டபடியே படுக்கையில் கொஞ்ச நேரம் கிடந்தேன். உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலித்தது.

7

அந்த வீடியோவை எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கில்லை. குரலுக்கு முன்பே கை எழுவது, வாயைப் பொத்துவது, கால் நின்ற பிறகும் தலை திரும்பாமல் இருக்கும் அந்த இடைவெளி, எல்லாவற்றையும் பொம்மைகளுக்குக் கொடுத்தேன். கேமராவை அப்பா நின்ற இடத்திலேயே, கொஞ்சம் சாய்வாக வைத்தேன்.

இசபெல் ஒருமுறை பார்த்தார், இன்னொருமுறை பார்த்தார். "இவன் ஏன் உடனே திரும்பவில்லை? யார் சொல்லிக் கொடுத்தது?" என்றார்.

"என் தம்பி."

"நடிகரா?"

"இல்லை. ஃபேக்டரியில் வேலை."

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மதியம் கடிதம் வந்தது. சுரேஷ் அலுவலக வாசலுக்கே வந்துவிட்டார், பனியில் நின்று இருவரும் வெட்கமில்லாமல் சிரித்தோம். ஜெனி, "அப்போ கமீல் வீட்டுக்குப் போக வேணாமா?" என்று கேட்டாள். கொஞ்சம் ஏமாற்றம் இருந்த மாதிரிகூட எனக்குப் பட்டது.

ஊரில் விடிந்திருக்கும் நேரம் பார்த்து அம்மாவுக்குப் போன் செய்தேன்.

"வேலை உறுதியாயிடுச்சும்மா. கடிதம் குடுத்துட்டாங்க. உன்னாலதான்."

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்," என்றாள். பிறகு பேச்சே இல்லை. லைன் போய்விட்டதோ என்று, "அம்மா, அம்மா," என்றேன்.

"இருக்கேன். அப்ப நீ அங்கியே இருந்துக்குவ."

"லீவு கெடைச்சா வருவேம்மா. விசா கைக்கு வந்ததும் பாக்குறேன்."

"உம்." பாத்திரத்தை நகர்த்தும் சத்தம் கேட்டது. "எஸ்தரு, ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. அன்னிக்கு நான் மாட்டேன்னு சொன்னது தானிக்கோசரம் மட்டும் இல்ல. இது ஆவலன்னா நீங்க மூணு பேரும் கெளம்பி ஊட்டுக்கு வந்துருவீங்கன்னு இருந்தேன். அந்தப் பொண்ணையும் நான் எங்க கண்ணால பாத்தேன்? நாலு வருசமா போன்லதான்."

"அப்புறம் ஏம்மா கூப்ட்ட?" என்று கேட்டேன்.

"நீ அழுவாம பேசினியே, அதான். வெச்சப்புறம் அழுதிருப்பன்னு தெரியும்."

அவளும் வைக்கவில்லை, நானும் வைக்கவில்லை. கடைசியில், அப்பாவுக்கு நாஷ்டா எடுத்து வைக்கணும் என்று சொல்லி அம்மாதான் போனை வைத்தாள்.